பாதிக்கேபிள்

எங்கள் ராஜபாளையத்தில் அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் ரேஸை நேரில் பார்த்தவன் ஒருத்தன்கூடக் கிடையாது. ரேஸைப் பற்றிப் பேசத் தெரியாதவனும் ஒருத்தன்கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்காசி ரோட்டில் என் ஒர்க்‌ஷாப்புக்கு முன்னால் வந்து நின்றால் தெரியும். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளுமாக ஏழெட்டுப் பேர் வண்டி மேல் சாய்ந்துகொண்டு, இத்தாலியில் எவன் எந்த வளைவில் எத்தனையாவது கியரில் போனான் என்று கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போடுவார்கள். மூன்று மாதப் பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றுதான் அத்தனை பேருக்கும் வேதம். அதிலும் படம் மட்டும்தான் பார்ப்பார்கள்.

நான் தவசிமுத்து. பதினொரு வருஷம் பஞ்சு மில்லில் ஃபிட்டராக இருந்துவிட்டு, மேஸ்திரி ஒருத்தனோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து இந்த ஒர்க்‌ஷாப்பைப் போட்டவன். எனக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவன் இன்ஜினைப் பற்றிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் சஞ்சீவிராஜா. ஒரு மில் முதலாளியின் கடைசி மகன். ஆர்டி முந்நூற்றைம்பது வண்டி வைத்திருந்தான். சித்திரை வெயிலில் தோல் கோட்டு மாட்டிக்கொண்டு வருவான். கழற்றினால் உள்ளே இருக்கும் பனியனைப் பிழிந்து காயப்போட வேண்டும். வளைவில் வண்டியைப் படுக்கவைத்து ஓட்டுகிறவனுக்கு டயர் ஓரம் வரைக்கும் தேயும், கால் வைக்கிற கம்பி ரோட்டில் உரசி மழுங்கும். இவன் டயரில் நடுவில் ஒரு கோடுதான் தேய்ந்திருந்தது. ஒருநாள் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, “தவசிண்ணே, டயர் ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு விடுங்க. கால்கம்பியை அரத்தால லேசா ஒரு இழுப்பு” என்றான். தேய்த்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கம்பியைக் காட்டி அவன் சொன்ன கதையை ஏழு பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். நானும் ஒன்றும் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்.

எண்பத்தேழு ஐப்பசியில் ஒரு காலை, இந்தச் சூரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிச் செண்பகத்தோப்பு ரோட்டுக்கு ஓட்டப் போனார்கள். வளைவு நிறைய உள்ள ரோடு அது. எவனாவது விழுந்தால் வண்டியைத் தூக்க ஆள் வேண்டுமே, என்னையும் ஒருத்தன் பின்னால் ஏற்றிக்கொண்டான். திரும்பி வரும்போது பின்னாலிருந்து ஒரு பழைய எஸ்டி மோட்டார் சைக்கிள் வந்தது. இரண்டு பக்கமும் பால் கேன், நாற்பது லிட்டர் இருக்கும். ஓட்டியவன் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். ஆர்டி வளைவுக்குப் பயந்து பிரேக்கைப் பிடித்த இடத்தில், அவன் வெளிப்பக்கமாகப் படுத்துக்கொண்டு தாண்டினான். கேனின் அடிப்பக்கம் ரோட்டுக்கு நாலு விரற்கடை மேலே போனது. அடுத்த வளைவில் இன்னும் இரண்டு பேரைத் தாண்டினான். யாரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு பால்கோவாக் கொட்டகை வாசலில் அவனைப் பிடித்தோம். கேனை இறக்கிக்கொண்டிருந்தான். மூடி ஓரத்தில் ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்தியிருக்கவில்லை.

“எங்கே கத்துக்கிட்ட இப்படி ஓட்ட?” என்று சஞ்சீவிராஜா கேட்டான்.

“எங்க கத்துக்கிடுறது முதலாளி. செத்த நேரம் பிந்தினா பால் திரிஞ்சிரும்லா. திரிஞ்ச பாலைத் திருப்பி அனுப்பிருவாக” என்றான். சின்னக்கருப்பன் என்று பெயர். மலையடிவாரத்தில் தோட்டந்தோட்டமாகப் பால் எடுத்துக்கொண்டுவந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊற்றுகிறவன். இருபத்தைந்து வயது இருக்கும்.

அன்றைக்கே தோல் கோட்டு ஆணியில் தொங்கிவிட்டது. “இனிமே நான் ஓட்டல. நான் டீம் ஓனர். இவன் நம்ம ரைடர். தவசிண்ணே நம்ம மெக்கானிக்” என்று அறிவித்தான் சஞ்சீவிராஜா. ஆளுக்கொரு பட்டம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மெக்கானிக் என்று சொன்னபோது உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்தது, அதை மறைப்பானேன்.

மெட்ராஸுக்குப் பக்கத்தில் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் ரேஸ் நடக்கும். மாசி மாதம் அங்கே புது ஆட்களுக்கென்று நூறு சிசி ரேஸ் ஒன்று இருந்தது. அதில் முதல் மூன்று இடத்தில் வருகிறவனை ஒரு வண்டிக் கம்பெனியின் ரேஸ் டீம் கூப்பிட்டு ஓட்டிப் பார்க்கும், பிடித்துப்போனால் வேலைக்கே எடுத்துக்கொள்ளும் என்று சஞ்சீவிராஜா விசாரித்து வந்தான். அவன் விசாரித்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்.

அதைக் கேட்ட அன்று சாயங்காலமே சின்னக்கருப்பன் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டான். “அண்ணாச்சி, நெசமாவே ஆள் எடுப்பாகளா? வண்டி ஓட்டுறதுக்குச் சம்பளமா?” என்றான்.

“எடுப்பான். உன்ன எடுப்பானான்னுதான் தெரியல” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. “இது மட்டும் அமைஞ்சிட்டா நான் பால் கேனைத் தொட மாட்டேன் அண்ணாச்சி. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். கழுத்தளவு பாலைக் கட்டிக்கிட்டே ஓட்டிப் பழகிட்டேன். கேன் இல்லாம ஒரு தடவையாவது முழுசா ஓட்டணும்” என்றான். அன்றிலிருந்து மூன்று மாதம் பாலை ஊற்றிவிட்டு நேரே என்னிடம் வந்துவிடுவான். சஞ்சீவிராஜா வாங்கிய ஆர்எக்ஸ் நூறு வண்டியைப் பிரித்துப் பூட்டுவதை உட்கார்ந்து பார்ப்பான். ஒரு கேள்வி கேட்க மாட்டான்.

அந்த வண்டியை நான் பூட்டியது மாதிரி இந்த ஜில்லாவில் எவனும் பூட்டியிருக்க மாட்டான். வேகம் கூட இன்ஜின் போர்ட்டைத் தேய்த்து, ஹெட்டைச் சீவி, புது பிஸ்டன் போட்டேன். டீம் ஓனருக்கு அதெல்லாம் கவலையில்லை. டேங்கில் சிவப்பும் வெள்ளையும் பட்டை போட வேண்டும், வெளிநாட்டு வண்டியில் இருப்பதுபோல ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று உயிரை எடுத்தான். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பட்டை எத்தனை விரல் அகலம் என்று பெயின்ட்டரோடு இரண்டு நாள் விவாதம் செய்தான்.

பெயின்ட்டுக்காக டேங்கைக் கழற்றி, கீழே பெட்ரோல் டேப்பையும் கழற்றினேன். அந்த ஓட்டையில் பெயின்ட்டும் தூசியும் போகாமலிருக்க ஒரு பிடி வேஸ்ட் பஞ்சைத் திணித்தேன். மில்லில் படிந்த கை இது. எங்கள் ஊர் ஃபிட்டர் எவனாக இருந்தாலும் ஒரு ஓட்டையைத் திறந்தால் பஞ்சை அடைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவான். பஞ்சுக்குப் பஞ்சம் உள்ள ஊரில் வேறு எதையாவது அடைப்பார்கள். எங்களுக்கு மில் வாசலில் பஞ்சு மூட்டை மூட்டையாகக் கிடக்கும். துடைக்கவும் பஞ்சு, அடைக்கவும் பஞ்சு. மற்றவர்களைப் போலில்லாமல் நான் ஒவ்வொரு பிடியிலும் சிவப்பு நூலைச் சுற்றி வைப்பேன். அடைத்தது கண்ணில் படட்டும், மறந்துபோக வேண்டாம் என்றுதான். மற்ற மெக்கானிக்குகளிடம் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன்.

சோழவரத்துக்கு ஒரு வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு கூட்டமாகப் போனோம். புது பிஸ்டன் ஆயிற்றே, பழகும் ஓட்டத்தில் பாதி வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று சின்னக்கருப்பனுக்கு நான்தான் கண்டிப்பாகச் சொன்னேன். ஊரில் தென்காசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோதும், மாட்டு வண்டியும் பஸ்ஸும் குறுக்கே வந்ததில் முழு வேகத்தை ஒரு ஃபர்லாங் பிடித்ததில்லை. அந்த ஓடுதளத்தின் நீளத்தைப் பார்த்ததும் நம் சூரர்கள் ஏழு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. அது ஒன்றுதான் அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த நிம்மதி.

எட்டுச் சுற்று ரேஸ். கொடி விழுந்ததும் சின்னக்கருப்பன் ஒன்பதாவதாகக் கிளம்பினான். வைக்கோல் கட்டு அடுக்கிய முதல் வளைவில் மூன்று பேரைத் தாண்டினான், இரண்டாவதில் இரண்டு பேரை. மூன்றாவது சுற்றில் இரண்டாவதாக வந்தான். பக்கத்தில் நின்ற மெட்ராஸ்காரர்கள் அவன் நம்பரைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். நான் என் வேட்டியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆனால் நீள நேர் ஓட்டத்தில் பாதி தூரம் வந்ததும் வண்டி தொய்ந்தது. இவன் தாண்டி வந்தவர்கள் எல்லாம் அங்கே இவனைத் தாண்டினார்கள். வளைவு வந்ததும் வண்டிக்கு உயிர் வரும், இவன் திரும்ப அவர்களைப் பிடிப்பான். மறுபடி நேர், மறுபடி தொய்வு. எட்டுச் சுற்றும் இதே கதை. கடைசிச் சுற்றில் நேர் ஓட்டத்தில் சத்தமே அடங்கிவிட்டது. ஆறாவதாக வந்து சேர்ந்தான்.

ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் கறுத்திருந்தது. “பெட்ரோல் வரல அண்ணாச்சி. முழுசா முறுக்கி அஞ்சாறு எண்ணுறதுக்குள்ள வண்டி வத்திப் போகுது. கையை விட்டா பொறவு வருது. ரிசர்வுல போட்டும் பாத்தேன்” என்றான்.

நான் கிக்கரை ஒரு உதை உதைத்தேன். வண்டி சமர்த்தாக நின்று ஓடியது. ஆக்சிலேட்டரை இரண்டு தடவை திருகினேன், சீறியது. ப்ளக்கைக் கழற்றிப் பார்க்கலாம் என்று குனிந்தபோது, நரைத்த மீசை வைத்த ஒருவர் கையில் அட்டையோடு வந்து நின்றார். கம்பெனி டீமின் மேனேஜர்.

“மெக்கானிக் நீங்கதானா? வளைவுல இவனை மாதிரி இன்னிக்கு யாரும் ஓட்டலை. ஆனா நேர்ல கையை எடுத்துடறான். வண்டியா, ஆளா? வண்டின்னா சொல்லுங்க, இப்பவே எங்க வண்டியைக் கொடுத்து ரெண்டு ரவுண்டு ஓட்டச் சொல்றேன்” என்றார்.

சின்னக்கருப்பன் என்னைப் பார்த்தான். சுற்றி நம் ஏழு பேரும் நின்றார்கள். அவர்கள் முன்னால், அத்தனை மெட்ராஸ் மெக்கானிக்குகள் முன்னால், என் கை பூட்டிய வண்டியில் குற்றம் என்று என் வாயால் சொல்வதா?

“வண்டியில ஒரு குத்தமும் கிடையாது சார். ஓடுறதை நீங்களே கேளுங்க. மலையடிவாரத்துப் பய, இம்புட்டு நீள ரோட்டைக் கண்டதில்ல. பயந்துட்டான்” என்றேன்.

மேனேஜர் அட்டையில் ஏதோ கோடு போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். சின்னக்கருப்பன் கையுறையைக் கழற்றி, அது சஞ்சீவிராஜாவுடையது, மடித்து அவன் கையில் கொடுத்தான்.

ஊர் திரும்பும்போது வேனில் எல்லாரும் உம்மென்று இருந்தார்கள். யாராவது எதையாவது கேட்டுத் தொலைத்துவிடக் கூடாதே என்று எனக்கு உள்ளூரப் பயம். “ஏலே சின்னக்கருப்பா, உனக்கு எதுக்கு முழு ஆக்சிலேட்டர் கேபிள்? முதல்லயே சொல்லியிருந்தா பாதியா நறுக்கிக் கொடுத்திருப்பேம்லா” என்றேன். வேன் குலுங்கச் சிரித்தார்கள். விழுப்புரம் வருவதற்குள் அவனுக்குப் பாதிக்கேபிள் என்று பெயர் விழுந்துவிட்டது. ஆர்டியை ஐம்பதுக்கு மேல் ஓட்டாத பயல்கள், கால்கம்பியை அரத்தால் தேய்த்த பயல்கள், அவனைப் பார்த்துப் பாதிக்கேபிள் என்றார்கள். வைத்தவன் நான்.

அந்தப் பெயர் அவனுக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தது. பால்கோவாக் கொட்டகையில் அடுப்படி ஆட்கள், “பாதிக்கேபிள் வந்தாச்சா, பாலை இறக்கு” என்பார்களாம். இரண்டு வருஷத்தில் எஸ்டியை விற்றுவிட்டு ஒரு மொபெட் வாங்கினான். அதில் கேனைக் கட்டிக்கொண்டு முப்பதில் போவான். பின்னால் ஹாரன் கேட்டால் ஒதுங்கி வழிவிடுவான். சஞ்சீவிராஜாவுக்கு டீமும் சலித்துவிட்டது. பட்டை போட்ட ஆர்எக்ஸ் மில் குடோனில் தார்ப்பாய்க்குள் ஏழு வருஷம் கிடந்தது.

தொண்ணூற்றைந்தில் அதைப் பொன்னுராஜ் என்ற பட்டாளத்துக்காரன், சோழபுரத்துப் பையன், விலைக்கு வாங்கி ஓட்டினான். லீவில் மதுரைக்குப் போய்விட்டு வந்து நேரே என்னிடம் நிறுத்தினான். “அண்ணாச்சி, ஊருக்குள்ள ராசா மாதிரி ஓடுது. நீளமா ஒரே வேகத்துல பிடிச்சா வத்திப் போகுது. நிறுத்திட்டு உதைச்சா ஒரே உதையில வருது” என்றான்.

அவனைப் போகச் சொல்லிவிட்டு டேங்கைக் கழற்றினேன். டேப்பைக் கழற்றி, டேங்கைக் கவிழ்த்து உலுக்கினேன். முதலில் துரு வந்தது. பிறகு பெட்ரோல் ஊற்றுகிற வாய் வழியாக ஒரு பிடி பஞ்சு வெளியே நீட்டியது. இழுத்து எடுத்தேன். மேலே என் சிவப்பு நூல் சுற்றியபடியே இருந்தது.

அன்றைக்கு அடைத்த பஞ்சு உள்ளே நழுவியிருக்கிறது, ஓட்டை வெறுமையாகத் தெரிந்ததால் அப்படியே டேப்பைப் பூட்டியிருக்கிறேன். பெட்ரோல் வேகமாக இறங்கும்போது அது போய் டேப் வாயில் அப்பும். வேகம் குறைந்தால் விலகி மிதக்கும். சின்னக்கருப்பன் அன்றைக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னது இதைத்தான். பால்காரனுக்குத் தெரிந்தது, பதினொரு வருஷ ஃபிட்டருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடப் பொய். தெரிந்துகொள்ள எனக்கு மனசில்லை. டேங்கை ஒரே ஒரு தடவை கவிழ்த்திருந்தால் போதும். கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் எறிந்தேன். என்ன எறிந்து என்ன.

மறுநாள் காலையில் பஞ்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மடவார் வளாகத்துக்குப் போனேன். சின்னக்கருப்பன் கொட்டகைக்குப் பின்னால் பம்படியில் கேன் கழுவிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொல்லிப் பஞ்சை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். முகர்ந்து பார்த்தான்.

“நான் அன்னைக்கே சொன்னேம்லா” என்றான்.

“சொன்ன.”

வெகுநேரம் பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எனக்கே சந்தேகம் வந்திருச்சு அண்ணாச்சி. ஏழு வருசமா. சும்மா உக்காந்திருக்கும்போது கையை இப்படி முறுக்கி முறுக்கிப் பாப்பேன். முழுசாத்தான் முறுக்கினமா, இல்ல நீங்க சொன்ன மாதிரி பயந்துதான் விட்டமான்னு. கடைசியில பயந்துதான் இருப்பேன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அதுக்குப் பொறவு ஓட்ட வரல” என்றான்.

“என்னைய மன்னிச்சிரு” என்றேன்.

“எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய. எனக்குத் தெரிஞ்சாச்சு. அவிய அம்புட்டுப் பேரு முன்னாலயும் சொல்லுங்க. எம் மகனைப் பள்ளிக்கூடத்துல பாதிக்கேபிள் மகன்னு கூப்பிடுதாக. நீங்க வச்ச பேரு, நீங்கதான் எடுக்கணும்” என்று பஞ்சைத் திருப்பிக் கொடுத்தான். “ஞாயித்துக்கிழமை பால் ஊத்திட்டு நானும் வாரேன்.”

ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் அப்படியேதான் இருந்தது, தொந்தி மட்டும் கூடுதல். அப்போது கேபிள் டிவி வந்துவிட்டதால் சஞ்சீவிராஜா ஒரு பழைய கலர் டிவியை என் ஒர்க்‌ஷாப்பில் வைத்திருந்தான். ஐரோப்பாவில் நடக்கும் ரேஸைப் பார்த்துக்கொண்டே உளுந்த வடை தின்பார்கள். முன்பு பத்திரிகை பார்த்து உளறியதை இப்போது டிவி பார்த்து உளறினார்கள். வாசலில் சின்னக்கருப்பன் மொபெட்டை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல், காலியான கேன்களுக்குப் பக்கத்தில் நின்றான்.

நான் டிவியை அணைத்தேன். பஞ்சை நடுவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டேங்க், டேப், பெயின்ட், நூல், கம்பெனிக்காரர் கேட்டது, நான் சொன்ன பொய். “அவன் பயப்படல. நான்தான் பயந்தேன்” என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேராக நான் பேசியது கிடையாது.

ஒருத்தன், “அண்ணாச்சிக்கு வயசாகுது, மனசு இளகிருச்சு” என்றான். இன்னொருத்தன், “பாவம், வாசல்ல வந்து நிக்கான்லா. அவனுக்காகச் சொல்லுதாரு” என்று குரலைத் தணித்தான்.

“ஏமிரா இதி, என்னடா இது” என்று வீட்டுத் தெலுங்கும் தமிழுமாக முனகிக்கொண்டு சஞ்சீவிராஜா பஞ்சைக் கையில் எடுத்தான். “தவசிண்ணே, உங்களை இருபது வருசமா எனக்குத் தெரியும். நீங்களாவது டேங்க்ல பஞ்சை விடுறதாவது. குடோன்ல கிடந்தப்ப எவனோ திணிச்சிருப்பான். நீங்க பூட்டின வண்டியில குத்தமே வராதுன்னு நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க. நல்ல மனுசன் நீங்க, அவனுக்காகப் பழியைத் தலையில போட்டுக்கிறீங்க.” சொல்லிக்கொண்டே வடை எண்ணெய் பிசுபிசுத்த விரல்களை அந்தப் பஞ்சில் ஒவ்வொன்றாகத் துடைத்தான். துடைத்துவிட்டு, பார்க்காமலே பின்னால் இருந்த கழிவுப் பஞ்சு டிரம்மில் போட்டான். யாரோ டிவியைப் போட்டார்கள்.

“ஏலே, நெசமாத்தாம்லே சொல்லுதேன்” என்று நான் கத்தினேன். அவர்கள் என் தோளைத் தட்டினார்கள்.

வாசலில் மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. முப்பதில்தான் போனான். “பாத்தியளா, இப்பவும் பாதிக் கேபிள்தான்” என்று ஒருத்தன் சொல்ல, எல்லாரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள்.

நான் அந்தப் பஞ்சை எடுக்க டிரம்முக்குள் கையை விட்டேன். கால் டிரம் பஞ்சு கிடந்தது, எல்லாம் எண்ணெயும் கரியுமாக, எல்லாம் என் கடைப் பஞ்சு. ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.